பட்டன் இல்லாத பியானோ

உன் கீபோர்டு அடாப்டரை மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாய். கட்டிலுக்கு அடியில் பார்த்தாய், உன் அம்மாவின் தையல் டப்பாவைக் கவிழ்த்தாய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக்கூட மிரட்டினாய். எடுத்தவன் நான்தான். ஒர்க்‌ஷாப்பில் என் மேசை டிராயருக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. இப்போது இந்தக் கடிதத்தோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஏன் எடுத்தேன், ஏன் திருப்பித் தருகிறேன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

நம் ஆட்கள் கடிதம் எழுதினால் முதலில் நலம் விசாரிப்பார்கள். நாம் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஏணிக்கு மேலே நீ, கீழே நானும் உன் அம்மாவும். உன் தும்மல் முதற்கொண்டு எனக்குப் பலகை வழியாகக் கேட்கிறது. நேரில் பேசலாமே என்று நீ கேட்கலாம். நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே என் குரல் ஏறிவிடும், நீ இயர்போனை மாட்டிக்கொள்வாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், நான் பார்த்திருக்கிறேன். தமிழ் என்றால் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தாராவியில் பிறந்த பிள்ளைக்கு இந்தி ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது. அதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். ஒரு வரியைக்கூட உன்னால் தாண்டிப் போக முடியாது. புரியாத இடத்தில் அம்மாவிடம் கேள். ஆனால் மொத்தத்தையும் அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எனக்குச் சாதகமில்லாத இடங்களை மட்டும் சத்தமாக வாசிப்பாள்.

நான் சந்தேகக்காரன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? இருபத்தாறு வருடமாகத் தோல் பை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் எனக்குச் செக்கிங் வேலை. எந்தப் பையும் வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கையை விட்டு, லைனிங்கைப் புரட்டி, மூலைத் தையலை நகத்தால் கீறிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் உன்னை என் கையில் கொடுத்தபோது நான் முதலில் பார்த்தது உன் முகத்தை அல்ல, உன் காலில் கட்டியிருந்த நம்பரை. "பெத்த புள்ளையவே ஒரிஜினலான்னு பாத்த மனுசன்லா இவுக" என்று உன் அம்மா இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியோடு சேர்த்து அதையும் பரிமாறுகிறாள். நீயும் உன் பங்குக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறாய். "பா, உங்களுக்கு எல்லாத்துலயும் ஷக்." இருக்கட்டும். இந்தக் கடிதத்தில் என் ஷக் எல்லாம் வரிசையாக வரும், சில என் பக்கமே திரும்பியும் வரும்.

பி.ஏ. மியூசிக் சேரப்போகிறேன் என்று போன வருடம் ஒரு பளபளப்பான புத்தகத்தைக் கொண்டுவந்தாய். அட்டையில் ஒரு பெண் வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயலினை வாசிக்கிறவள் அப்படிப் பிடிக்க மாட்டாளே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. உள்ளே இருந்த இங்கிலீஷை நீ தமிழில் சொன்னாய். மூன்று வருடம் முடிந்ததும் மாணவர் உலகத் தரம் வாய்ந்த கலைஞராக மலர்வார் என்று போட்டிருந்ததாம். மலர்வார் என்று கேட்டதுமே நான் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டேன்.

"சர்ச்ல பத்து வருசமா வாசிக்க. இன்னும் என்னத்தல படிக்கப் போற?" என்று கேட்டேன்.

"தியரி பா. ஹார்மனி. அப்பறம் இயர் ட்ரெய்னிங்."

"காதுக்கு ட்ரெய்னிங்கா? அதுதான் பொறக்கும்போதே தொறந்து கெடக்கே."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் அன்று புத்தகத்தைத்தான் சந்தேகப்பட்டேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் இதுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. உனக்கு ஒன்பது வயது. நம் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர் வசாய் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார். பாடகர் குழுவை நடத்துகிறவன் நான், ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் இல்லை. நீ உன் போக்கில் ஸி மேஜரில் நாலு பாட்டு வாசிப்பாய், வெள்ளைக் கட்டைகளில் மட்டும். சனிக்கிழமை பயிற்சிக்கு உன்னை உட்காரவைத்தேன். முதல் பாட்டிலேயே பெண்கள் பக்கமிருந்து சத்தம் வந்தது: "அண்ணாச்சி, தொண்ட கிழியுது, ஒரு கட்ட இறக்குங்க." உனக்கு இறக்கத் தெரியாது. கறுப்புக் கட்டைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய், அழுதுவிடுவாய் போலிருந்தது. நான் உன் தோளுக்கு மேலே கையை நீட்டி டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அமுக்கினேன். "இப்ப வாசி பாப்போம்." உன் விரல் அதே வெள்ளைக் கட்டைகளில்தான் ஓடியது, சத்தம் மட்டும் ஒரு கட்டை இறங்கி வந்தது. உன் கண் விரிந்தது. நான் உன் காதில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "தெரியாதுன்னு யார்ட்டயும் சொல்லாத. தலைய ஆட்டு, பட்டன அமுக்கு."

ஒரு அப்பன் பிள்ளைக்கு முதன்முதலில் கொடுத்த சங்கீதப் பாடம் அது. அதற்குப் பிறகு பத்து வருடம் உன் வலது கை வெள்ளைக் கட்டையிலும் இடது கைக் கட்டைவிரல் பட்டனிலுமாகவே ஓடியது. யார் எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் நீ பட்டனை அமுக்கிச் சேர்ந்துகொள்வாய். நான் சபை முழுக்கச் சொல்லித் திரிந்தேன், "எம் மவன் எந்த ஸ்கேல்லயும் வாசிப்பான்." ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிற நான், எனக்குத் தெரிந்தே சொன்ன இந்தப் பொய்யை மட்டும் சந்தேகப்படவில்லை. கல்லூரி நேர்முகத்துக்கு, சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாமா என்று உன்னைக் கேட்கச் சொன்னதும் நான்தான். அதைத் தோளில் சுமந்து வந்ததும் நான்தான். கேட்ட ஸ்கேலில் எல்லாம் வாசித்தாய், இடம் கிடைத்தது. திரும்பும்போது மாட்டுங்காவில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டாய், வயிறு சரியில்லை என்றாய். நானும் நம்பிவிட்டேன்.

கல்லூரி திறந்து மூன்று மாதம் இருக்கும். தினமும் முகம் செத்து வீட்டுக்கு வந்தாய். என்ன படித்தாய் என்று கேட்டால், "டென்ஷன் எடுக்காதீங்க பா" என்று ஏணியில் ஏறிவிடுவாய். எனக்கு ஷக் வந்துவிட்டது. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு உன் பின்னாலேயே வந்தேன். ஆமாம், தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, சயான் ஸ்டேஷன் பக்கம் நீ திரும்பினால் நானும் திரும்பி, நீ டீக்கடையில் நின்றால் நான் மருந்துக் கடையில் நின்று. கல்லூரி வாசலில் வாட்ச்மேனிடம் டப்பாவைக் காட்டி, பையன் சாப்பாட்டை மறந்துவிட்டான் என்று உள்ளே நுழைந்தேன். மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். எதிரில் மூடிய கதவு. உள்ளே யாரோ பியானோ வாசிக்க ஒரு பெண் மராத்தியில் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் நீ அசையவில்லை. கதவு திறந்து அந்தப் பெண் வெளியே வந்ததும் எழுந்து வேறு பக்கம் போய்விட்டாய். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம், "ஒரு பொண்ணு பாடுதான்னு வாசல்ல காவல் காக்கதுக்கா ஒன்ன காலேஜுக்கு அனுப்புனேன்?" என்று தெரு கேட்கக் கத்தினேன். நீ இயர்போனை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாய். குட்டு வெளிப்பட்டதால் ஓடுகிறாய் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

நீ உட்கார்ந்திருந்தது அந்தப் பெண்ணுக்காக அல்ல, அறைக்குள் இருந்த பியானோவுக்குப் பயந்து என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்த வருடம் முழுக்க ஸி மேஜர் பாட்டாகத் தேடித் தேடி எடுத்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாய். சந்தேகப்படுவதே பிழைப்பாக வைத்திருந்தும் நான் தப்பான பையைப் புரட்டியிருக்கிறேன். அன்று கத்தியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கவில்லை.

பிராக்டிகலில் ஃபெயில் என்று போன மாதம் நீ ஒரே வார்த்தையில் சொன்னபோது, தாராவி என்று முகவரியைப் பார்த்திருப்பார்கள், போட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். நீ இனிமேல் கல்லூரிக்குப் போக மாட்டேன் என்றாய். அதற்கும் அவர்கள்தான் காரணம் என்று சேர்த்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு சண்டைக்குப் போனேன். உன் பியானோ டீச்சரைக் கண்ணாடி போட்ட, கடுகடுத்த கிழவியாக மனதில் வைத்திருந்தேன். முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வந்து நின்றது. இந்தியில்தான் பேசினோம். நீ இருந்திருந்தால் தலை குனிந்திருப்பாய், அவ்வளவு சத்தம் போட்டேன். எங்கள் பையன் ஒன்பது வயதிலிருந்து வாசிக்கிறவன், எந்த ஸ்கேலிலும் வாசிப்பான், அவனை எப்படி ஃபெயில் போட்டீர்கள் என்று கேட்டேன்.

அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்கிள், நீங்கள் பாடுவீர்களா?" என்றது.

பாடகர் குழுவே நான் நடத்துவதுதான் என்றேன்.

"பாடுங்கள்."

இதில் என்ன சூது என்று யோசித்தேன். ஆனால் பாடு என்று சொன்னால் நான் எங்கே சும்மா இருந்தேன்? நம் சபையில் நாம் பாடுகிற பாட்டு ஒன்றை எடுத்தேன். என்ன சுருதி என்று எனக்கே தெரியாது. முதல் வரி முடிவதற்குள் பியானோ என் குரலோடு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் நான் வழக்கமாக அரைக் கட்டை இறங்கிவிடுவேன், உனக்குத்தான் தெரியுமே, நீ பட்டனை அமுக்கிச் சமாளிப்பாய். அன்றும் இறங்கினேன். அந்தப் பெண்ணும் என்னோடு இறங்கியது. நான் பாட்டை நிறுத்திவிட்டேன். எப்படி என்று கேட்டேன். "நீங்கள் இறங்கினீர்கள், நானும் இறங்கினேன்" என்றது. பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுந்து பியானோவின் மேல்மூடியைத் திறந்து, "பாருங்கள்" என்றது. நான் உண்மையிலேயே பார்த்தேன். தலையை உள்ளே விட்டு, கம்பி, சுத்தியல், பச்சைத் துணி எல்லாவற்றையும் ஒரு செக்கிங்காரன் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பட்டன் இல்லை.

அதற்குப் பிறகுதான் பரீட்சை அன்று என்ன நடந்தது என்று தெரிந்தது. நீ வாசிக்க, ஷர்வரி பாட வேண்டும். நான் வராந்தாவில் பார்த்த அதே பெண்தான் ஷர்வரி. காலையில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு கட்டை இறக்கி வாசிக்க முடியுமா என்று உன்னைக் கேட்டாள். நீ தலையை ஆட்டினாய். நான் கற்றுக்கொடுத்த அதே தலையாட்டல். அமுக்குவதற்குத்தான் பட்டன் இல்லை. உனக்குத் தெரிந்த ஸி மேஜரிலேயே ஆரம்பித்துவிட்டாய். இறங்கி வரும் என்று நம்பி நின்றவள் மேலே எட்டிப் பாட வேண்டி வந்தது, பாதியில் குரல் உடைந்தது. இரண்டு பேருக்கும் ஃபெயில். டீச்சர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பரீட்சையை ஒரு நாள் தள்ளி வைத்திருப்பேன், அங்கிள். அவனுக்குக் கறுப்புக் கட்டை வராது என்று முதல் மாதமே எனக்குச் சந்தேகம் வந்தது. தானாகப் பிடித்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு." சண்டைக்குப் போனவனிடம் எதிராளி முதலில் தப்பை ஒத்துக்கொண்டால் என்ன செய்வது? நானும் என் தப்பைச் சொன்னேன், ஒன்பது வயதிலிருந்து. சொல்லி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

கிளம்பும்போது கேட்டேன், மூன்று வருடத்தில் இங்கே என்னதான் கற்றுக்கொடுக்கிறீர்கள், அந்தப் புத்தகத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று. பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று காதால் தெரிந்துகொள்வது, மற்றதெல்லாம் அதற்கான பயிற்சி என்றது. அந்த இயர் ட்ரெய்னிங் இதுதானோ என்று சயான் வரை நடந்துகொண்டே யோசித்தேன். இருபத்திரண்டு வருடம் பாடகர் குழு நடத்தியவனுக்கு, தான் இரண்டாம் சரணத்தில் இறங்கிவிடுகிறோம் என்பதைத் தவிர வேறு ஒன்றும் காதால் தெரிந்திருக்கவில்லை.

பட்டப்படிப்பில் என்ன கற்க வேண்டும் என்று சொல்ல நான் படித்தவன் இல்லை. எங்கே ஓட்டை விழும் என்று மட்டும் எனக்குத் தெரியும். சயான் கோலிவாடாவில் அந்த அடக்க ஆராதனை நினைவிருக்கிறதா? தமிழ்ப் பாட்டு உன் முன்னால் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. நீ சர்ச்சில் எல்லாரும் கைதட்டுகிற பாட்டுக்குப் போடும் ரிதத்தைப் போட்டுவிட்டாய். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். நான் ஓடிவந்து நிறுத்தினேன். "டியூன் ஹேப்பியா இருந்துச்சு பா" என்றாய். அந்த அம்மா எதிரே வந்தால் நான் இன்றும் என் செருப்பைத்தான் பார்க்கிறேன். வாசிக்கிற பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். தமிழாக இருந்தாலும் சரி, ஷர்வரி பாடுகிற மராத்தியாக இருந்தாலும் சரி. அவளிடம் அர்த்தம் கேட்டிருக்கிறாயா? கேட்டிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

காதைப் பார்த்துக்கொள். சர்ச் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று என் இடது காதில் எந்நேரமும் குக்கர் ஆவி போகிற சத்தம் கேட்கிறது. உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை, அவள் கூப்பிடுவது கேட்காததை நான் மதிக்காததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கையெழுத்துப் போடச் சொல்லி யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பின்பக்கத்தையும் படி. தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு வாசிப்பதைப் போனில் எடுத்துப் போடுவதை அப்புறம் வைத்துக்கொள். இதையெல்லாம் விட, தெரியாது என்று சொல்லப் பழகு. படிக்கிற இடத்தில்தான் அதைச் சொல்ல முடியும். வெளியே வந்துவிட்டால் சொல்ல யாரும் விட மாட்டார்கள், நீயும் சொல்ல மாட்டாய், என்னைப் போல ஆகிவிடுவாய்.

நானும் சொல்லிப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆராதனைக்கு வரவில்லை. நடந்ததை யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள், ஆனால் தங்களுக்கு வேண்டியபடி திரித்துச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். நடந்தது இதுதான். சர்ச் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டு நானே உட்கார்ந்தேன். என் மகன் எந்த ஸ்கேலிலும் வாசிப்பான் என்று பத்து வருடமாகச் சொன்னது பொய், அந்தப் பொய்யை அவனுக்குப் பழக்கிவிட்டவன் நான், அவன் பேரில் தப்பு இல்லை என்று மைக்கில் சொன்னேன். பிறகு கறுப்புக் கட்டைகளைத் தேடித் தேடி இரண்டு விரலால் வாசித்தேன். முதல் சரணத்தில் சபை எனக்காகக் காத்திருந்தது, இரண்டாவதில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பின்னாலிருந்து ஒருத்தர், "அண்ணாச்சி, அந்தப் பட்டன அமுக்கிப் பாட்ட முடிங்க, வெயில் ஏறுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காது மடல் சுட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், மானம் போனால் செத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நன்றாகப் பசித்தது.

மறுநாள்தான் கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரி நடத்துகிற அந்தச் செம்பூர்க்காரன் இனிப்பு டப்பாவோடு வந்தான். கல்யாண சீசன் மூன்று மாதமும் அவனுடைய பார்ட்டியோடு ஊர் ஊராகப் போக வேண்டும், வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் செம்பூரிலிருந்து டெம்போ கிளம்புகிறது என்றான். உன் கை தங்கம் என்றான். ஆனால் ஒரு பாட்டாவது வாசித்துக் காட்டு என்று உன்னைக் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் நிற்க முடியும் என்றுதான் கேட்டான். நீ தண்ணீர் பிடிக்கப் போனபோது நான் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணாச்சி, கவலப்படாதீங்க, பாதிப் பாட்டு பென் டிரைவ்லயே ஓடும். தம்பி சும்மா கைய வெச்சா போதும்" என்று எனக்குத் தைரியம் சொன்னான். என் சந்தேகங்களில் பாதி தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இது தப்பில்லை. அவன் உனக்கு வைத்திருப்பதும் பட்டன்தான், முன்னதைவிடப் பெரியது. நீ அன்று ராச்சாப்பாட்டில் போகப் போவதாகச் சொன்னாய். மறுபரீட்சையும் அதே திங்கட்கிழமை பத்து மணிக்கு என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றை டீச்சர் என்னிடம் சொன்னது. ஜோடியாக நடந்த பரீட்சை என்பதால் மறுபரீட்சைக்கும் ஜோடியாகத்தான் வர வேண்டும். நீ வராவிட்டால் ஷர்வரிக்கும் பரீட்சை இல்லை, அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாளாம். கட்டாயத்துக்காக வருகிறவனோடு பாட முடியாது என்றாளாம். நான் சொல்லிவிட்டேன். என்னிடம் சொன்னது அவர்கள் தப்பு.

அடாப்டர் இல்லாமல் அந்தச் செம்பூர்க்காரன் உன்னை என்ன செய்வான் என்று செவ்வாய்க்கிழமை நீ குளிக்கப் போன நேரத்தில் மேலே ஏறினேன். பிளக்கை உருவினேன். உருவியவன் இறங்கிப் போயிருக்க வேண்டும். பழக்கதோஷம், குனிந்து கீபோர்டைச் செக் பண்ணினேன். வெள்ளைக் கட்டைகளில் வழக்கமான அழுக்கு. கறுப்புக் கட்டைகள் விரல் பட்டுப் பட்டு மினுங்கின. டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் தூசி படிந்திருந்தது, ஒரு மாதத் தூசி. விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீ வாசிக்கும்போது கட்டை தட்டுகிற சத்தம் மட்டும் எனக்குக் கீழே கேட்கும். விளையாடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். எடுத்த அடாப்டரை அங்கேயே திருப்பி வைத்திருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டேன். மூன்று நாளாக உன் பயிற்சியைத் திருடி டிராயரில் பூட்டி வைத்திருந்தவன் உன் அப்பன்.

ஆகவே கடைசியாக உன்மேல் ஒரு சந்தேகம். நீ பரீட்சைக்குப் போகத்தான் ஆசைப்படுகிறாய். செம்பூருக்குப் போகிறேன் என்று சொன்னது, தோற்றால் யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக. இது என் சந்தேகங்களில் எந்தப் பாதியில் சேரும் என்று எனக்குத் தெரியாது. பார், நானும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அடாப்டர் இதோ இருக்கிறது. இந்த இரண்டு நாளும் உனக்கு அது வேண்டும். திங்கட்கிழமை செம்பூருக்குப் போவதானாலும் வேண்டும், பையில் எடுத்துப் போட்டுக்கொள். மாட்டுங்காவுக்கு, பரீட்சைக்குப் போவதானால் வேண்டாம், பியானோவுக்குச் சொருக எதுவும் இல்லை. அன்று நான் தொப்பி போட்டுக்கொண்டு உன் பின்னால் வர மாட்டேன். நீ தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று பார்க்கக்கூட மாட்டேன், ஏழு மணிக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவேன். இது சத்தியம். ஆனால் சாயங்காலம் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஏணியில் ஏறி, அடாப்டர் மேலே இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

உன் அப்பா